கஞ்சியில் என்ன இருந்தது

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குச் சொட்டக்கா என்று பெயர். குடிநீர் வழங்கும் அலுவலகத்தின் பின்பக்கம், மூன்று ஜன்னலும் ஒரு நீள மேசையும் உள்ள அறைதான் ஆய்வகம். தினமும் காலையில் பதினெட்டு இடங்களிலிருந்து புட்டிகளில் தண்ணீர் வரும். கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் நிறுத்தி, அந்தத் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று கணக்கிட வேண்டும். நாங்களெல்லாம் ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் போகட்டும் என்று எழுதிவிடுவோம். அவர் விடமாட்டார். கடைசிச் சொட்டைப் பாதியாகக் குழாய் முனையில் தொங்கவிட்டு, குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுப்பார். பேர் அப்படி வந்தது.

இருபத்தாறு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தவர். தம்பி வீட்டில், மாடியில் ஓர் அறையில் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "யாரும் சரியாக் கேக்கல" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எதையும் ஏன் என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. அலுவலகத்துக் காப்பி இயந்திரம் மதியத்துக்கு மேல் ஏன் கசப்பாகக் கொடுக்கிறது என்று ஒரு வாரம் ஆராய்ந்தார். பழுது பார்க்க வந்தவர் கடைசியில் இயந்திரத்தின் மூடியைக் கழற்றி அவரிடமே கொடுத்து, "நீங்களே பாத்துக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்துச் சரியும் செய்தார்.

ஐம்பத்தோராவது வயதில் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து நான் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. நான் உட்காருவதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"இருபத்திரண்டு சென்டிமீட்டர் வெட்டியிருக்காங்க. ரெண்டு முனையையும் எப்படிச் சேர்த்தீங்கன்னு கேட்டேன். காகிதத்துக்கு அடிக்கிற மாதிரிக் கம்பி ஊசியாம், வட்டமா ஒரே அடியில அடிக்கிற மாதிரி ஒரு கருவி. நம்ம குழாய் ஆளுங்க கிட்ட இப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு கசிவு குறையும்."

அதன் பிறகு கீமோ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். பிறகு இரண்டு வாரம் வீட்டில் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. இப்படி எட்டுச் சுற்று என்றார்கள். முதல் நாள் நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். கீமோ கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். அக்கா தன் தலைக்கு மேல் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் செவிலியரைக் கூப்பிட்டு, "நிமிஷத்துக்கு நாற்பத்தி ரெண்டு சொட்டு விழுது. ஆரம்பத்துல முப்பத்தெட்டு இருந்தது" என்றார். செவிலியர் சொட்டுக் குழாயைப் பார்த்தார், பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பையை மாட்டிய கொக்கி சற்று மேலே ஏற்றப்பட்டிருந்தது. "நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்க வெளியே போனேன்.

முதல் சுற்று பெரிய தொந்தரவில்லாமல் போனது. குளிர்ந்த எதையும் தொட முடியவில்லை, அவ்வளவுதான். குளிர்பெட்டியில் இருக்கும் புட்டியை எடுத்தால் விரல்களில் மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறது என்றார். வேலைக்கு வந்த நாட்களில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டார்.

இரண்டாவது சுற்றில்தான் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை. வாய்க்குள் புண். தண்ணீர் பட்டாலே எரிந்தது. நாலு நாளில் ஆளே பாதியாகிவிட்டார். மருத்துவரிடம் அவர் கேட்ட கேள்வியை மட்டும் எங்களிடம் திருத்தமாகச் சொன்னார்: "புண்ணு எங்கயோ இருந்தது, அதை வெட்டியாச்சு. மருந்து ஏன் வாயையும் வயித்தையும் பிடிக்குது?"

மருத்துவருக்கு ஓயாத வேலை. ஆனாலும் அன்று உட்கார்ந்து பதில் சொன்னாராம். இந்த மருந்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது. வேகமாகப் பெருகும் உயிரணு எதுவோ அதை அடிக்கும். புற்று வேகமாகப் பெருகுகிறது. குடலின் உள்சுவரும் அப்படித்தான். நாலைந்து நாளில் பழைய தோல் முழுக்க உதிர்ந்து புதிது வந்துவிடும். வாயும் ஏறக்குறைய அப்படியே. அதனால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து அடிவாங்குகிறது.

அக்காவுக்கு இது கதை கேட்ட மாதிரி இருந்தது. மறுநாள் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது.

"உனக்குத் தெரியுமா, நமக்கு வாரா வாரம் புதுக் குடல். ஐம்பத்தோரு வருஷமா இது எனக்குத் தெரியாம நடந்துக்கிட்டு இருக்கு."

அவருக்கு வயிறு கெட்டிருக்கிறது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் மருந்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா மாதுளைத் தோலைக் காயவைத்துக் கொண்டுவந்தார். தம்பியின் முதலாளி மஞ்சள் சாற்றை அடைத்த குளிகைப் புட்டியை அனுப்பினார். தூரத்து உறவுக்கார அண்ணன் ஒருவர் இலைப்பொடி கொண்டுவந்தார். ஏழு மூலிகை சேர்ந்தது, எட்டாவது ரகசியம் என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. சோற்றுக்கற்றாழைச் சாறு குடலுக்குக் குளிர்ச்சி என்று யாரோ சொல்ல, வீட்டுத் தொட்டியில் இருந்த மடலை முழுசாக அரைத்து வடிகட்டி ஒரு புட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதையும் உடனே சாப்பிடவும் இல்லை. கொண்டுவந்தவரை உட்காரவைத்து விசாரித்தார்.

"இது செடியோட எந்தப் பாகம்? வேரா, பட்டையா?"

"எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு பொடி?"

"இதைச் சாப்பிட்டுக் குணமானவங்க அப்ப வேற என்ன மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க?"

எட்டாவது மூலிகை ரகசியம் என்ற அண்ணனிடம், "ரகசியத்தை என் வயித்துக்கு மட்டுமாவது சொல்லலாமே" என்றார். அண்ணன் முகம் சுண்டிப்போனது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் கற்றாழையோடு போனபோது எனக்கும் இதே விசாரணைதான். மேல்தோலோடு அரைத்தாயா, தோல் சீவியா என்று கேட்டார். தெரிந்தவன் மாதிரி தலையாட்டிவிட்டுத் தப்பித்து வந்தேன்.

அடுத்த முறை போனபோது வந்த மருந்துகளையெல்லாம் எழுதிவைத்த பட்டியலை மருத்துவரிடம் காட்டினார். அவர் மேலிருந்து கீழே ஒரே பார்வை பார்த்துவிட்டு, "எதுவும் வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு வெளியே இருபது பேர் உட்கார்ந்திருப்பதைக் கையால் காட்டினார். அது நியாயம்தான், ஆனால் பதில் இல்லையே என்று அக்கா என்னிடம் குறைப்பட்டார். பிறகு செவிலியர் சொன்ன யோசனைப்படி, மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருக்கும் மருந்தகத்துக்குப் போனோம். அந்த மருந்துகள் இருந்த பையை நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

அங்கே இருந்த மருந்தாளருக்கு முப்பது வயது இருக்கலாம். நிறைமாதக் கர்ப்பிணி. கீமோ மருந்துகளைக் கலக்கும் கண்ணாடி அறைக்குள் அந்தச் சமயம் அவரை அனுமதிக்கமாட்டார்கள். அதனால் வெளியே கணினியும் சீட்டுகளுமாக உட்கார்ந்திருந்தார். அந்த வேலை அவருக்குச் சலித்துப் போயிருந்தது என்பது எங்களைப் பார்த்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்ட வேகத்திலேயே தெரிந்தது.

"எல்லாத்தையும் மேசை மேல வைங்கம்மா. ஒண்ணு ஒண்ணா பாப்போம்."

என் புட்டியைத்தான் முதலில் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பச்சைக்குள் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது.

"இது யாரு கொடுத்தது?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய உபகாரம்.

"தோலுக்கு அடியில ஒரு மஞ்சள் பால் இருக்கும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கறது அது" என்றார் மருந்தாளர். "ஏற்கெனவே எட்டுத் தடவை போயிட்டு இருக்கறவங்களுக்கு இது ஒன்பதாவது, பத்தாவது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இலைப்பொடியைத் தனியே ஒதுக்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் கீமோவோடு சேர்க்கக்கூடாது, கல்லீரல் ஒரே சமயத்தில் எத்தனை வேலைதான் பார்க்கும் என்றார். மஞ்சள் சமையலில் இருந்தால் பரவாயில்லை, சாற்றைக் குளிகையில் அடைத்தது வேறு கதை, வேண்டாம் என்றார். இஞ்சியைக் கொஞ்சமாக வெந்நீரில் போட்டுக் குடிக்கலாம், குமட்டலுக்குச் சிலருக்கு உதவுகிறது, ஆனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. மாதுளைத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தார்.

"இது துவர்ப்பு. வயித்துப்போக்கை நிறுத்தலாம். ஆனா நீங்க சாப்பிடற மாத்திரை குடல் வழியாத்தான் உள்ள போகுது. அதை இது உறிஞ்சவிடுமா விடாதான்னு கேட்டா, எனக்குத் தெரியாது."

"யாருக்காவது தெரியுமா?"

"தேடிப் பாக்கறேன். ஆனா தெரியாதுன்னுதான் வரும்னு நினைக்கிறேன்."

அக்காவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். "இத்தனை பேர்ல தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் அவதான்" என்று திரும்பி வரும்போது சொன்னார்.

கீமோவில் குடலைக் காக்க மூலிகை உண்டா என்று உலகத்தில் யாராவது தேடுகிறார்களா என்றும் அவரிடம் கேட்டார். தேடுகிறார்கள் என்றார் மருந்தாளர். சில பழைய கஷாயங்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், எலிகளின் குடல் சீக்கிரம் ஆறியிருக்கிறது. மனிதர்களிடம் செய்தவை சின்னச் சின்ன ஆய்வுகள். இன்னும் முடிவாக ஒன்றும் சொல்ல முடியாது.

"அப்ப எலியாப் பொறந்திருக்கணும்" என்றார் அக்கா.

கிளம்பும்போது மருந்தாளர், "வேற எந்த மருந்தும் சாப்பிடலையே?" என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்றாவது சுற்று வித்தியாசமாக இருந்தது. வாய்ப்புண் வந்தது, ஆனால் முன்பு போல எரியவில்லை. சாப்பிட முடிந்தது. வயிற்றுப்போக்கும் ஒரு நாளில் மூன்று நாலு தடவையோடு நின்றது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் இரண்டு வாரம் போனதும் கால்கள் வலுவிழந்தன. மாடிப்படியில் நாலாவது படியில் நின்றுவிடுவார். அவ்வப்போது நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு அடுத்ததைப் பலமாக அடிப்பது போல இருக்கிறது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒருநாள் படுக்கவைத்து ஏற்றினார்கள். வயிறு போனால் பொட்டாசியம் போகும், இது சகஜம் என்றார் பணியில் இருந்த இளம் மருத்துவர்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா கீழே கூடத்தில் மருத்துவமனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். சீட்டை என்னிடம் நீட்டினார்.

"இதைப் பாரு. போன சுற்றுல அவ்வளவு வயிறு போச்சு. பொட்டாசியம் சரியா இருந்தது. இந்தத் தடவை பாதிதான் போச்சு, பொட்டாசியம் விழுந்துடுச்சு. சரி, அதை விடு. எடை எவ்வளவு போட்டிருக்காங்க?"

"ரெண்டு கிலோ கூடியிருக்கு."

"வயிறு போனா உடம்புல தண்ணி குறையணுமா, கூடணுமா?"

 அவர் காலை நீட்டிக் கணுக்காலில் விரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"ரத்த அழுத்தம் எனக்கு எப்பவும் நூற்றிப் பதினஞ்சுதான். இப்ப நூற்று ஐம்பத்தெட்டு. தண்ணி வெளிய போயிருந்தா இது இறங்கணும். யாரோ உள்ள தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இருக்காங்க."

ஆய்வகத்தில் ஒரு குழாயில் கெட்ட தண்ணீர் வந்தால் நாங்கள் செய்வது ஒன்றுதான். குழாய் முனையிலிருந்து பின்னோக்கி நடப்போம். அடுத்த திருகு, அடுத்த கிளை, அடுத்த தொட்டி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு புட்டி எடுத்துக்கொண்டே போவோம். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடமும் கெட்ட தண்ணீர் கிடைக்கும் இடமும் எங்கே பிரிகிறதோ அங்கேதான் கோளாறு. அக்கா தன்னையே குழாய் முனையாக வைத்துக்கொண்டார். இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நடுவில் வாய்க்குள் போனதில் என்ன மாறியது என்று யோசித்தார். மாத்திரை அதே. தண்ணீர் அதே. இஞ்சி வெந்நீர் கொஞ்சம். அது வேலை செய்யும் விதம் இப்படி இல்லை. மீதி இருந்தது கஞ்சி. மூன்று வேளையும் தம்பி மனைவி கொண்டுவந்து கொடுக்கும் அரிசிக் கஞ்சி.

கீமோ ஆரம்பித்ததிலிருந்து அக்காவுக்கு நாக்கில் இரும்பைத் தவிர வேறு ருசி தெரியாது. அதனால் மத்தியானம் தம்பி சாப்பாட்டுக்கு வந்தபோது அவரைக் கூப்பிட்டார்.

"ஒரு வாய் குடிச்சுப் பாருடா. என்ன ருசி?"

தம்பி குடித்தார். "கஞ்சி. கொஞ்சம் இனிப்பா இருக்கு."

"சர்க்கரையா?"

"சர்க்கரை மாதிரி இல்லக்கா. முழுங்கின பிறகு நாக்குல நிக்குது."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். அவள் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இருவருக்கும் நடுவில் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. அதிகப் பேச்சும் இருந்ததில்லை. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அக்கா உட்காரு என்று கையைக் காட்டினார்.

"நான்தான் போட்டேன் அண்ணி" என்றாள். "அதிமதுரப் பொடி. புண்ணுக்கு ஆத்தும்னு சொன்னாங்க. வேளைக்கு ரெண்டு கரண்டி."

"எத்தனை நாளா?"

"இருபது நாள் ஆகுது."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

 அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க கேள்வி கேப்பீங்கண்ணி. எந்தப் பாகம், எவ்வளவு, யாரு சாப்பிட்டாங்கன்னு. எனக்கு எதுக்கும் பதில் தெரியாது. நீங்க கேள்வி கேட்டவங்கல்லாம் முகம் வாடிப் போறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீங்க ரெண்டு வாய் குடிச்சிட்டு வேணாம்னு தள்ளிடுவீங்க. இதைப் போட்ட அன்னைக்கு முழுக் கிண்ணமும் குடிச்சீங்க. அப்புறம் எனக்கு நிறுத்த மனசு வரல."

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நீ பேசாம சாப்பிடு" என்று அடக்கிவிட்டார். பிறகு தம்பி மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

இந்த இடத்தை அக்கா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். நானும் கண்ணால் பார்த்தவன்தான். ஆனால் அவர் மனதில் என்ன ஓடியது என்பது பிறகுதான் தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்ததாம். அடுத்த நிமிடம் வெட்கமாகிவிட்டதாம். "இருபத்தாறு வருஷமா கேள்வி கேட்டுத்தான் சம்பாதிச்சேன். என் கேள்விக்குப் பயந்து ஒருத்தி என் கஞ்சியில ஒளிச்சு வெக்கிறான்னா, நான் கேட்ட விதம் என்ன விதம்?"

அன்று சாயங்காலமே அக்கா, தம்பி மனைவி, நான் மூன்று பேரும் மருந்தகத்துக்குப் போனோம். பொடி இருந்த டப்பாவைத் தம்பி மனைவியே கையில் வைத்திருந்தாள். மருந்தாளர் முகர்ந்து பார்த்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுதான். அதிமதுரம் நிறைய, நிறைய நாள் சாப்பிட்டா உடம்பு உப்பைப் பிடிச்சு வெச்சுக்கும். உப்போட தண்ணியும் நிக்கும். அதனால வீக்கம், அழுத்தம். பொட்டாசியம் சிறுநீர்ல போயிடும். வயித்துப்போக்குல போறது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இதயத்துக்கு இது விளையாட்டு இல்ல." உடனே மேலே மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்.

தம்பி மனைவி டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் அவங்களைக் கொல்லப் பாத்தேனா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மருந்தாளர் பதில் சொல்வதற்குள் அக்கா சொன்னார்: "புண்ணு ஆறினதும் உண்மைதான். நான் சாப்பிட்டதும் உண்மைதான். பொட்டாசியம் போனதும் உண்மைதான். மூணும் ஒரே கரண்டியில இருந்திருக்கு. அதுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு."

பிறகு மருந்தாளரைப் பார்த்துக் கேட்டார்: "முழுங்காம வாயைக் கொப்பளிச்சுத் துப்பினா?"

"அப்படிச் செஞ்சு பாத்திருக்காங்க. ஆனா இப்ப வேணாம்மா. இப்ப சாப்பிட்டதே உடம்பை விட்டுப் போக இன்னும் ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். முதல்ல பொட்டாசியம் ஏறட்டும். அதுவரைக்கும் உப்பும் சோடா உப்பும் போட்ட தண்ணியில கொப்பளிங்க."

மருத்துவர் அடுத்த சுற்றைப் பத்து நாள் தள்ளிவைத்தார். கீமோ மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்தார். வயிற்றுப்போக்குக்குத் தனியாக ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, எத்தனையாவது தடவையில் எடுக்க வேண்டும் என்று விளக்கினார். வீக்கம் வடிந்தது. அழுத்தம் இறங்கியது. நெஞ்சுத் துடிப்பு சீரானது. கஞ்சி மறுபடி சப்பென்று ஆகிவிட்டது. தம்பி மனைவி இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இன்னும் நாலு கரண்டி அண்ணி" என்று வெளிப்படையாகவே அதட்ட ஆரம்பித்தாள். இருவரும் அதிகம் பேசத் தொடங்கியது அப்போதுதான். எட்டுச் சுற்று என்று ஆரம்பித்தது ஏழோடு நின்றது. விரல் நுனிகளில் மரத்தல் கூடியதால் கடைசியை விட்டுவிட்டார்கள். ஸ்கேனில் இதுவரை ஒன்றும் இல்லை.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. அக்காவுக்கு மருந்தாளர் கேட்ட அந்தக் கேள்வி மனதில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. கீமோ முடிந்து நாலைந்து மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது நேரே கீழ்த்தளத்துக்குப் போய்விட்டார். அதற்குள் மருந்தாளருக்குப் பெண் குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"நீங்க வேற எந்த மருந்தும் சாப்பிடலையேன்னு கேட்டீங்க. நான் இல்லன்னு சொன்னேன். நீங்க கேட்டதும் சரி, நான் சொன்னதும் சரி. ஆனா கண்ணுக்கு எதிர்ல இருந்தது தப்பிச்சுப் போச்சு. ஏன்னு யோசிச்சீங்களா?"

"சொல்லுங்கம்மா."

"கஞ்சியை யாரும் மருந்துன்னு நினைக்கமாட்டாங்க. அது மட்டும் இல்ல. 'இல்லையே'ன்னு கேட்டாலே இல்லன்னுதான் பதில் வரும். உங்களுக்குச் சமைக்கறது யாரு, அவங்க ஆசையா என்ன சேர்த்துக் கொடுக்கறாங்கன்னு கேட்டுப் பாருங்க. கூட வந்தவங்களையும் கேளுங்க. திட்டமாட்டோம்னு முதல்லயே சொல்லிடுங்க."

மருந்தாளர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மேலே மருத்துவரிடம் அனுமதி வாங்க இரண்டு வாரம் ஆனது. அவர் முதலில் நேரம் எங்கே இருக்கிறது என்றுதான் சொன்னாராம். பிறகு, கேட்பது நீங்கள்தானே, கேளுங்கள் என்றாராம். புதன்கிழமை தோறும் கீமோ கூடத்தில் நாற்காலி நாற்காலியாகப் போய் மருந்தாளர் கேட்டார். முதல் மாதம் முப்பத்தொரு பேர். பழைய கேள்விக்கு ஆமாம் என்றவர் மூன்று பேர். புதிய கேள்விக்குப் பத்தொன்பது பேரிடம் ஏதாவது ஒன்று இருந்தது. பெரும்பாலும் தொந்தரவில்லாத சங்கதிகள். நாலு பேரிடம் நிறுத்த வேண்டியவை இருந்தன. மருத்துவர் அந்தக் கணக்கைப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து தன் அறையிலும் அந்தக் கேள்வியையே கேட்கத் தொடங்கினார்.

அக்கா இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். விரல் மரத்திருப்பதால் கண்ணாடிக் குழாயின் திருகை நான் திருப்புகிறேன். எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்கிறார். புதன்கிழமை மத்தியானம் மட்டும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுவார். அவருக்கு அங்கே பதவி ஒன்றும் இல்லை. கூட வந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். கேள்வி கேட்கும் விதம் மாறிவிட்டது. முதலில் அவங்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஆரம்பித்துச் சமையலறை வரைக்கும் மெல்லப் போவார்.

போன மாதம் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்திருந்தார். அவருக்கு வயிற்றில் கட்டி. ஆள் கலகலப்பானவர். மாமியார் ஒரு பட்டையை ராத்திரியெல்லாம் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் கொடுக்கிறார் என்றார். வயிறு சமர்த்தாக இருக்கிறதாம். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். வெளியே சாம்பல் நிறம், உள்ளே செம்பழுப்பு. ஈரக் காகிதத்தின் வாசனை அடித்தது. மருந்தாளருக்குத் தெரியவில்லை. மருத்துவருக்கும் தெரியவில்லை. கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் ஒருவருக்கு அனுப்பினோம். இலையும் பூவும் இல்லாமல் பட்டையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

"என்ன மரம்னு தெரியற வரைக்கும் குடிக்காதீங்க" என்றார் மருந்தாளர்.

"நான் நிறுத்திடுவேன். மாமியார்கிட்ட என்ன சொல்றது? மனசு உடைஞ்சு போயிடுவாங்க" என்றார் ஓட்டுநர்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. நாங்களே வந்து பேசறோம்" என்றார் அக்கா.

சனிக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில் போனோம். மாமியார் எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். மருத்துவமனையிலிருந்து சண்டை போட வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, "உங்க மாப்பிள்ளை நல்லாச் சாப்பிடறாராமே, உங்க கைப்பக்குவம் என்னன்னு பாக்க வந்தேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் தோள்கள் தளர்ந்தன. பட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, வாங்க காட்டறேன் என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதையை ஒட்டி ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் உயரமில்லாத ஒரு மரம் நின்றது. அடிமரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை உரித்த தடங்கள். அக்கா வேலிக் கம்பிக்கு நடுவில் கையை நுழைத்து ஓர் இலையைப் பறித்தார். மரத்த விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"பின்பக்கம் சொரசொரன்னு இருக்கா?"

"இருக்கு."

"இது எந்த மாசம்மா பூக்கும்?"

"நான் பாத்ததில்லையே" என்றார் மாமியார். பிறகு அவரும் அண்ணாந்து கிளைகளைப் பார்க்கத் தொடங்கினார். "இத்தனை வருஷமா இருக்கு. பூத்ததா இல்லையான்னே நான் கவனிக்கலையே."